நான்கா, மூன்றா? தொடக்கக் கல்லூரியில் பாடத் தேர்வு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ‘பிள்ளைகளின் உயர்கல்வி’ என்ற தலைப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் பிப்ரவரி மாதம் பிறந்ததும் பதினேழு வயதுப் பிள்ளைகள் தொடக்கக் கல்லூரியில் காலடி எடுத்து வைக்கிறார்கள். இடம் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சி வீட்டில் அடங்குவதற்குள் அவர்கள் கையில் ஒரு படிவம் வந்து சேர்கிறது. எந்தப் பாடங்களை, எந்த நிலையில் படிக்கப் போகிறாய் என்று அந்தப் படிவம் கேட்கிறது. பதில் சொல்லக் கிடைக்கும் அவகாசம் பெரும்பாலும் சில நாட்கள்தான். ஆனால் அந்தப் பதில் இரண்டு ஆண்டு உழைப்பையும், அதற்குப் பிறகு பல்கலைக்கழகத்தில் எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது என்பதையும் தீர்மானிக்கிறது.

இந்தச் சில நாட்களில் பல வீடுகளில் ஒரே வாக்குவாதம் நடக்கிறது. ‘கடினமான பாடங்களாக, முடிந்த அளவுக்கு அதிகமாக எடு; அப்போதுதான் நல்ல பல்கலைக்கழகம் உன்னைத் திரும்பிப் பார்க்கும்’ என்கிறது ஒரு தரப்பு. ‘குறைவாக எடுத்து நிறைய மதிப்பெண் வாங்கு’ என்கிறது மறு தரப்பு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. எந்த உண்மை எந்தப் பிள்ளைக்குப் பொருந்தும் என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பதே இன்றைய உரையின் நோக்கம்.

எச்1, எச்2, எச்3

பெற்றோரில் பலர் படித்த காலத்தில் ‘ஏ’ நிலைத் தேர்வு வேறு மாதிரி இருந்தது. ‘ஏஓ’ தாள், ‘ஏ’ தாள், மிகச் சிறந்தவர்களுக்கு ‘எஸ்’ தாள் என்று மூன்று படிகள் இருந்தன. 2006இல் அந்த முறை மாறியது. புதிய பாடத்திட்டத்தின்கீழ் முதல் தேர்வு 2007இல் நடந்தது. அன்று முதல் எச்1, எச்2, எச்3 என்ற பெயர்கள் புழக்கத்தில் இருக்கின்றன.

எச்2 என்பது ஒரு பாடத்தை முழுமையாகப் படிப்பது. எச்1 அதில் ஏறத்தாழப் பாதி அளவு. எச்3 என்பது எச்2க்கும் மேலே போய் ஆராய்ச்சி போலவோ கூடுதல் ஆழத்துடனோ படிப்பது. ஒரு பாடத்தில் எச்3 எடுக்க விரும்பும் மாணவர், அந்தப் பாடத்தில் எச்2வும் படிக்க வேண்டும்.

வழக்கமாக ஒரு மாணவர் மூன்று பாடங்களை எச்2 நிலையிலும் ஒரு பாடத்தை எச்1 நிலையிலும் படிக்கிறார். இந்த நான்கில் ஒன்றாவது மாறுபட்ட துறையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். அறிவியல் மாணவர் பொருளியலையோ இலக்கியத்தையோ சேர்த்துக்கொள்வார். கலைப்பிரிவு மாணவர் கணிதத்தை எடுப்பார். இவற்றோடு பொதுத்தாள், திட்டப்பணி, தாய்மொழி ஆகியவையும் உண்டு. உயர்நிலைப் பள்ளியில் உயர்தமிழில் தேர்ச்சி பெற்றவருக்கு எச்1 தமிழிலிருந்து விலக்குக் கிடைக்கும்.

இதுதான் வழக்கமான சுமை. இதிலிருந்து ஒரு படி ஏறி, எச்1ஆக இருக்க வேண்டிய நான்காவது பாடத்தையும் எச்2ஆக எடுப்பதா என்பதுதான் வீடுகளில் எழும் கேள்வி. நான்கு எச்2 எடுப்பது கெட்டிக்காரத்தனத்தின் அடையாளம் என்று பிள்ளைகளே தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். மூன்று எடுப்பவர் ஏதோ பின்தங்கிவிட்டதுபோல் தோன்றுகிறது. அது உண்மையா என்பதை மதிப்பெண் கணக்கு சொல்லும்.

கணக்கு மாறிவிட்டது

2025 வரை நடந்த சேர்க்கைகளில் உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் 90 புள்ளிகளுக்குக் கணக்குப் போட்டன. மூன்று எச்2 பாடங்களுக்குத் தலா 20, நான்காவது பாடத்துக்கு 10, பொதுத்தாளுக்கு 10, திட்டப்பணிக்கு 10. கல்வி அமைச்சு 2023 மார்ச் மாதத்தில் ஒரு மாற்றத்தை அறிவித்தது. 2024இல் தொடக்கக் கல்லூரியில் சேர்ந்தவர்களிலிருந்து திட்டப்பணிக்குத் தரநிலை இல்லை. தேர்ச்சியா இல்லையா என்பது மட்டுமே. 2026ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து மொத்தப் புள்ளி 70. மூன்று எச்2 பாடங்களுக்கு 60, பொதுத்தாளுக்கு 10. நான்காவது பாடமும் தாய்மொழியும் மாணவரின் மொத்தப் புள்ளியைக் கூட்டினால் மட்டுமே சேர்த்துக்கொள்ளப்படும். குறைத்தால் விட்டுவிடுவார்கள்.

எச்2 பாடத்தில் ‘ஏ’ வாங்கினால் 20 புள்ளி, ‘பி’ என்றால் 17.5, ‘சி’ என்றால் 15, ‘டி’ 12.5, ‘இ’ 10. எச்1 பாடத்துக்கு இவற்றில் பாதி. இனி வருவதுதான் பல பெற்றோருக்குத் தெரியாத செய்தி. ஒரு மாணவர் நான்கு எச்2 எடுத்தாலும், நான்காவது பாடம் எச்1 அளவுக்கே மதிக்கப்படும். இரண்டு மடங்கு பாடம் படித்தாலும் அந்த இடத்துக்குக் கிடைக்கும் உச்சப் புள்ளி 10தான்.

ஓர் எடுத்துக்காட்டு. இரண்டு மாணவர்கள் ஒரே திறமை உள்ளவர்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் பொதுத்தாளில் ‘பி’, அதாவது 8.75. முதல் மாணவர் நான்கு எச்2 எடுக்கிறார். சுமை கூடியதால் ‘ஏ’, ‘பி’, ‘பி’, ‘சி’ என்று வாங்குகிறார். மூன்று பாடங்களுக்கு 55, பொதுத்தாளோடு 63.75. நான்காவது பாடத்தின் ‘சி’ சேர்த்தால் விகிதம் குறைகிறது. எனவே அது கணக்கில் வராது. இரண்டு ஆண்டு படித்த ஒரு பாடம் புள்ளிக் கணக்கில் இல்லாமலே போய்விடுகிறது.

இரண்டாம் மாணவர் மூன்று எச்2 பாடங்களோடு ஓர் எச்1 எடுக்கிறார். கிடைத்த நேரத்தில் இன்னொரு பாடத்தையும் ‘ஏ’வுக்கு உயர்த்திவிடுகிறார். ‘ஏ’, ‘ஏ’, ‘பி’ என்றால் 57.5, பொதுத்தாளோடு 66.25. எச்1 பாடத்தில் ‘ஏ’ வாங்கியிருந்தால் அது இன்னும் சற்றுக் கூடும்.

63.75க்கும் 66.25க்கும் இடையே உள்ள வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். போட்டி மிகுந்த படிப்புகளில் இந்த இரண்டரைப் புள்ளிதான் அழைப்புக் கடிதம் வருவதையும் வராததையும் பிரிக்கும் கோடு.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பழைய கணக்கில் ஓர் எச்2 பாடம் 90இல் 20. இப்போது 70இல் 20. சுமையைக் குறைக்க வந்த மாற்றம் இது என்பது உண்மைதான். ஆனால் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு பாடத்தின் எடையும் அதனால் கூடிவிட்டது. மூன்றில் ஒன்று சறுக்கினால் தாங்கிப் பிடிக்க முன்புபோல் திட்டப்பணியின் பத்துப் புள்ளி கிடையாது. பொதுத்தாளின் எடையும் ஒன்பதில் ஒரு பங்கிலிருந்து ஏழில் ஒரு பங்காக உயர்ந்துவிட்டது. அறிவியல் மாணவர்கள் பலர் கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைக்கும் பாடம் அது. நாளிதழ் வாசிப்பும் வாரம் ஒரு கட்டுரையும் இல்லாமல் பொதுத்தாளில் கடைசி மாதத்தில் தேறுவது அரிது.

‘கடினமானதை எடு’ என்ற அறிவுரை எங்கிருந்து வந்தது?

பிறகு ஏன் ‘முடிந்த அளவுக்கு அதிகமாக எடு’ என்ற குரல் இவ்வளவு பலமாகக் கேட்கிறது? அதில் ஒரு பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி நான்கு ஆண்டுகள். கடைசி ஆண்டு மாணவர்கள் நவம்பர் முதல் தேதியிலோ ஜனவரித் தொடக்கத்திலோ பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்துவிடுகிறார்கள். ‘ஏபி’ எனப்படும் மேல்நிலைப் பாடங்களுக்கான தேர்வு மே மாதத்தில்தான் நடக்கும். அதாவது, கடைசி ஆண்டுத் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே யாரைச் சேர்ப்பது என்று பல்கலைக்கழகம் முடிவு செய்தாக வேண்டும். அப்போது அதன் கையில் இருப்பது முந்தைய ஆண்டுகளின் மதிப்பெண்களும், கடைசி ஆண்டில் மாணவர் எந்தப் பாடங்களைத் தேர்ந்தெடுத்தார் என்ற பட்டியலும்தான். ஆகவே அங்கே பாடத் தேர்வே ஒரு சான்றாகிறது. பள்ளியின் ஆலோசகர் அனுப்பும் படிவத்தில், ‘இந்தப் பள்ளியின் மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் இவர் எடுத்த பாடங்கள் எவ்வளவு கடினமானவை?’ என்றுகூட ஒரு கேள்வி இருக்கிறது. கடைசி ஆண்டில் எளிய பாடங்களுக்கு இறங்கிவிட்ட மாணவரை அங்குள்ள பெயர்பெற்ற பல்கலைக்கழகங்கள் ஐயத்தோடு பார்ப்பது இதனால்தான்.

ஆனால் அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு கடினமானதை எடுப்பவருக்குப் பாராட்டு இல்லை. ஆண்டின் நடுவில் பள்ளி இன்னோர் அறிக்கை அனுப்புகிறது. ஆண்டு முடிவில் மற்றொன்று. மதிப்பெண்கள் சரிந்தால் கொடுத்த இடத்தையே திரும்பப் பெற்றுக்கொள்ளும் உரிமை பல்கலைக்கழகத்துக்கு உண்டு. மேலும், ஒரு மாணவரை அவருடைய பள்ளி வழங்கும் வாய்ப்புகளுக்குள் வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். இருபது மேல்நிலைப் பாடங்கள் வழங்கும் பள்ளி மாணவரையும் மூன்றே வழங்கும் பள்ளி மாணவரையும் ஒரே அளவுகோலால் அளப்பதில்லை.

சிங்கப்பூரில் நிலைமை வேறு. இங்கே ‘ஏ’ நிலைத் தேர்வு முடிவு வந்த பிறகுதான் உள்ளூர்ப் பல்கலைக்கழகச் சேர்க்கை முடிவாகிறது. என்ன எடுத்தார் என்பதைவிட என்ன வாங்கினார் என்பதே முதலில் நிற்கிறது. பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் ஒவ்வொரு படிப்பிலும் சேர்ந்தவர்களின் தரநிலைகளை வெளியிடுகின்றன. அந்தப் பட்டியல் மூன்று எச்2, ஓர் எச்1 என்ற வடிவத்தில்தான் இருக்கிறது. எச்3 பாடம் புள்ளிக் கணக்கில் சேர்வதில்லை. பிரிட்டனுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கும் இது பொருந்தும். அங்கு பெரும்பாலான படிப்புகள் மூன்று பாடங்களின் தரநிலையை வைத்தே இடம் தருகின்றன.

ஆக, இணையத்தில் அமெரிக்க மாணவர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரையை அப்படியே எடுத்து இங்குள்ள பிள்ளையின் தலையில் வைப்பது, ஒருவருக்குத் தைத்த சட்டையை இன்னொருவருக்குப் போட்டுப் பார்ப்பது போலத்தான். அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால் நான்காவது எச்2வுக்கோ எச்3க்கோ ஒரு பொருள் உண்டு. அந்த எண்ணம் இல்லாத வீட்டில் அதே சுமை வேறு எதற்காக என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு வீட்டில் நடக்கும் பேச்சு

இப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். தந்தை துறைமுகத்தில் முறைநேர வேலை பார்ப்பவர். தாயார் பாலர் பள்ளியில் உதவியாளர். இருவருமே தொடக்கக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. மகள்தான் குடும்பத்தில் முதலாவதாக அங்கே போயிருக்கிறாள். இரவு உணவு முடிந்து படிவம் மேசைமேல் இருக்கிறது.

“அப்பா, எனக்கு நாலு எச்2 வேணாம்பா. எக்கனாமிக்ஸ மட்டும் எச்1ஆ எடுத்துக்கிறேன்.”

“ஏம்மா, பக்கத்து புளோக் பையன் நாலு எடுத்திருக்கானாமே? அவனவிட நீ என்ன குறைச்சலா?”

“முடியாதுன்னு சொல்லலப்பா. ஆனா ஜிபிக்கு நேரமே இருக்காது. முதல் கட்டுரையிலேயே டிதான் வந்துச்சு.”

“ஜிபிதானே? அது சின்னப் பாடம்மா.”

“சின்னப் பாடம் இல்லப்பா. எழுபதுல பத்து அது. நாலாவது எச்2வுக்கும் அதே பத்துதான்.”

தந்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறார். அவருடைய பயம் நியாயமானது. ‘நம் பிள்ளை குறைவாக எடுத்து, அதனால் ஒரு வாய்ப்பை இழந்துவிட்டால்? நாளைக்கு அவளே நம்மைக் கேட்டால்?’ என்பதுதான் அவர் மனத்தில் ஓடுகிறது. படித்த பெற்றோர் உள்ள வீட்டில் இந்தக் கணக்கு சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடும். இந்த வீட்டில் பக்கத்து புளோக் பையன்தான் அளவுகோல்.

“சரிம்மா, நாளைக்கு உங்க டியூட்டர்கிட்ட இத அப்படியே கேளு. அவங்க என்ன சொல்றாங்கன்னு வந்து சொல்லு. நான் நைட் ஷிஃப்ட், ஃபோன்ல மெசேஜ் போடு” என்கிறார் கடைசியில்.

இந்தப் பதில் போதும். பெற்றோருக்கு எச்2, எச்3 எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தெரிந்தவரிடம் கேட்கும்படி பிள்ளையை அனுப்பத் தெரிந்தால் போதும். ஒவ்வொரு தொடக்கக் கல்லூரியிலும் பாட ஆசிரியர்களோடு கல்வி, வாழ்க்கைத்தொழில் வழிகாட்டு ஆலோசகரின் உதவியும் உண்டு. அவரைச் சந்திக்கக் கட்டணம் கிடையாது. தேர்வில் தோற்றவர்கள்தான் அவரிடம் போக வேண்டும் என்ற எண்ணம் தவறானது.

குறைத்து எடுப்பதில் உள்ள ஆபத்து

இதுவரை சொன்னதைக் கேட்டு, ‘அப்படியானால் எளிதான பாடங்களாகப் பார்த்து எடுத்துவிடலாம்’ என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. சுமை கூடுவதால் வரும் இழப்பு இரண்டரைப் புள்ளி, ஐந்து புள்ளி. தவறான பாடத்தை எடுப்பதால் வரும் இழப்பு ஒரு முழுத் துறை.

மருத்துவத்தை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் மருத்துவம் படிக்க எச்2 வேதியியல் கட்டாயம். அதோடு எச்2 உயிரியலோ எச்2 இயற்பியலோ இருக்க வேண்டும். வேதியியலை எச்1ஆகக் குறைத்துவிட்ட மாணவர் மற்ற எல்லாப் பாடங்களிலும் ‘ஏ’ வாங்கினாலும் அந்தக் கதவு திறக்காது. பல பெற்றோர் உயிரியல் இல்லாமல் மருத்துவமே படிக்க முடியாது என்று நினைக்கிறார்கள். அது சரியல்ல. இயற்பியல், வேதியியல், கணிதம் என்று மூன்றையும் எச்2ஆகப் படிக்கும் மாணவருக்கு மருத்துவமும் திறந்திருக்கிறது, பொறியியலும் திறந்திருக்கிறது, கணினித் துறையும் திறந்திருக்கிறது. எதைப் படிப்பது என்று பதினேழு வயதில் முடிவு செய்ய இயலாத பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல்.

சட்டத்துக்கு இன்ன பாடம் வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லை. அங்கே நல்ல தரநிலையும் பொதுத்தாளும், பிறகு எழுத்துத் தேர்வும் நேர்முகமும் பேசும். ஆகவே வரலாறும் இலக்கியமும் படிக்க விரும்பும் பிள்ளையை, ‘சட்டம் படிக்க வேண்டுமானால் அறிவியல் எடு’ என்று திருப்பி விடுவதில் பொருளில்லை.

கணிதத்தில் உண்மையான ஆர்வம் உள்ளவர்களுக்கு உயர் கணிதம் என்ற எச்2 பாடம் இருக்கிறது. 2006இல் கைவிடப்பட்ட அந்தப் பாடம் 2016இல் திரும்பக் கொண்டுவரப்பட்டது. எச்2 கணிதத்தோடு சேர்த்துத்தான் அதைப் படிக்க முடியும். அதனால் அதை எடுப்பவர்களில் பலர் நான்கு எச்2 படிக்க நேர்கிறது. அவர்களுக்கு அது சுமையாகத் தெரியாது. மாலையில் யாரும் சொல்லாமலே ஒரு கணக்கோடு உட்கார்ந்துவிடும் பிள்ளைக்கு நான்காவது பாடம் ஓய்வு மாதிரி. மற்றவர்கள் எடுக்கிறார்கள் என்பதற்காக எடுக்கும் பிள்ளைக்கு அதே பாடம் இரவு இரண்டு மணி வரை விழித்திருக்க வைக்கும் பாரம்.

தமிழை எங்கே வைப்பது?

இந்தப் பேச்சு வரும்போது பல வீடுகளில் முதலில் வெட்டப்படுவது தமிழ்தான். ‘தமிழ் எச்2 எடுத்து என்ன செய்யப் போகிறாய்?’ என்ற கேள்வி எழுகிறது. இதற்கும் உணர்ச்சியை ஒதுக்கி வைத்துக் கணக்கோடு பதில் சொல்லலாம்.

எச்2 தமிழ்மொழியும் இலக்கியமும் மற்ற எந்த எச்2 பாடத்தையும் போல 20 புள்ளிக்கு உரியது. பொருளியலுக்கு ஒரு மதிப்பு, தமிழுக்கு ஒரு மதிப்பு என்று சேர்க்கைக் கணக்கு பிரிப்பதில்லை. அறிவியல் மாணவருக்கு அது மாறுபட்ட பாடமாகவும் அமைய முடியும். உயர்தமிழில் நன்றாகச் செய்த பிள்ளை, புதிதாகத் தொடங்கும் ஒரு பாடத்தைவிடத் தமிழில் ‘ஏ’ வாங்கும் வாய்ப்பு அதிகமாக இருக்கலாம். 2020 முதல் ஆண்டர்சன் சிராங்கூன் தொடக்கக் கல்லூரியிலும் தேசியத் தொடக்கக் கல்லூரியிலும் தமிழ்மொழி விருப்பப்பாடத் திட்டமும் இருக்கிறது. எச்1 தமிழ் எழுதும் மாணவருக்கும் புதிய முறையில் இழப்பு இல்லை. நன்றாகச் செய்தால் புள்ளி கூடும்; இல்லையென்றால் அது மொத்தத்தை இழுத்துவிடாது.

அதற்காக எல்லாரும் எச்2 தமிழ் எடுக்க வேண்டும் என்பதில்லை. சங்கப் பாடலும் நாவலும் விமர்சனமும் படிக்கப் பொறுமை இல்லாதவருக்கு அதுவும் கடினமான பாடம்தான். ‘நம் மொழிதானே, எளிதாக இருக்கும்’ என்று எடுப்பவர் ஏமாந்துபோவார். விரும்பும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம் என்பது மட்டுமே இங்கே சொல்ல வந்தது.

படிவத்தில் கையெழுத்திடுமுன்

நடைமுறைக்கு உதவும் சில குறிப்புகளைச் சொல்லலாம்.

முதலாவது, பிள்ளைக்கு விருப்பமான இரண்டு மூன்று படிப்புகளைத் தேர்ந்து, அவற்றுக்கு எந்தப் பாடங்கள் கட்டாயம் என்று பல்கலைக்கழக இணையத்தளத்திலேயே பார்க்க வேண்டும். நண்பர் சொன்னார், மாமா சொன்னார் என்பது போதாது. நிபந்தனைகள் மாறக்கூடியவை. கட்டாயப் பாடங்கள் எச்2 வரிசையில் வந்துவிட்டனவா என்பதே முதல் சோதனை.

இரண்டாவது, நான்காவது எச்2 பற்றிய கேள்வி. மற்ற மூன்று பாடங்களும் பொதுத்தாளும் பிள்ளைக்குத் தடுமாற்றம் இல்லாமல் போகின்றனவா? உயர்நிலைப் பள்ளியில் எந்தப் பாடத்துக்குத் துணைப்பாடம் தேவைப்பட்டது? இப்போதே நான்கு பாடங்களுக்கும் துணைப்பாடம் வைத்துத்தான் சமாளிக்க வேண்டும் என்றால், பதில் அங்கேயே கிடைத்துவிடுகிறது. துணைப்பாடச் செலவு மட்டுமல்ல, அந்தப் பிள்ளையின் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்தே செலவாகின்றன.

மூன்றாவது, இறங்குவது எளிது, ஏறுவது கடினம். நான்கு எச்2வில் தொடங்கியவர், முதல் ஆண்டு இறுதித் தேர்வுக்குப் பிறகு ஒன்றை எச்1ஆகக் குறைத்துக்கொள்ளக் கல்லூரிகள் பொதுவாக இடம் தருகின்றன. எச்1ஐ எச்2ஆக உயர்த்துவது அவ்வளவு எளிதல்ல. பாதிப் பாடம் ஏற்கெனவே போயிருக்கும். எனவே உண்மையிலேயே இரு மனமாக இருப்பவர் நான்கில் தொடங்கிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் எப்போது, எந்த முடிவைப் பார்த்து இறங்குவது என்பதைத் தொடக்கத்திலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் இறங்குவதே ஒரு தோல்வியாகத் தோன்றும். பிள்ளை வீட்டில் சொல்லாமல் சுமந்துகொண்டே இருக்கும்.

நான்காவது, 2024 முதல் தொடக்கக் கல்லூரிகளில் ஆண்டிடைத் தேர்வு இல்லை. மன அழுத்தம் குறைய வேண்டும் என்பதற்காக வந்த மாற்றம் இது. அதன் மறுபக்கம், பிள்ளை தடுமாறுவது வீட்டுக்குத் தெரியவர முன்பைவிடத் தாமதமாகலாம். மதிப்பெண் தாள் வரும்வரை காத்திருக்காமல், மாதம் ஒரு முறையாவது ‘எந்தப் பாடம் புரியவில்லை?’ என்று பெற்றோர் கேட்பது நல்லது. ‘எவ்வளவு வாங்கினாய்?’ என்ற கேள்விக்குப் பிள்ளை பொய் சொல்லக்கூடும். ‘எது புரியவில்லை?’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் உண்மை வரும்.

ஐந்தாவது, தூக்கம். இரண்டு ஆண்டுகள் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் தூங்கி ‘ஏ’ வாங்குவது சிலரால் முடியும். பலருக்குத் தேர்வு நெருங்கும் வேளையில் உடம்பு ஒத்துழைப்பதில்லை. பாடங்களை எழுதும்போதே இணைப்பாட நடவடிக்கை, பயண நேரம், தூக்கம் ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், ஒரு நாளில் இருபத்து நான்கு மணி நேரம் போதவில்லை என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

ஒருவேளை எல்லாம் சரியாகத் திட்டமிட்டும் தேர்வு முடிவு எதிர்பார்த்தபடி அமையாமல் போகலாம். அப்போதும் வழி அடைபடுவதில்லை. இங்கே ஆறு தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. புள்ளியோடு மாணவரின் ஆர்வத்தையும் அனுபவத்தையும் பார்த்துச் சேர்க்கும் திறன் அடிப்படையிலான முறையும் இருக்கிறது. ஒரு துறையில் உண்மையான ஈடுபாடு காட்டிய மாணவருக்கு அங்கே பேச ஏதாவது இருக்கும். பாடங்களை மட்டுமே அடுக்கி, வேறு எதற்கும் நேரம் இல்லாமல் போன மாணவருக்கு அந்த நேர்முகத்தில் சொல்ல ஒன்றும் இருக்காது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். படிவத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு ஓர் இடம் இருக்கலாம். ஆனால் அந்தப் பாடங்களோடு இரண்டு ஆண்டு வாழப் போவது பிள்ளை. நான்காவது பாடம் யாருக்காக எடுக்கப்படுகிறது என்ற கேள்விக்குப் பிள்ளையே வாய்திறந்து பதில் சொல்லட்டும். ‘எனக்குப் பிடித்திருக்கிறது’ என்று பதில் வந்தால், பயப்படாமல் கையெழுத்துப் போடலாம். ‘எல்லாரும் எடுக்கிறார்கள்’ என்று வந்தால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு இன்னும் ஒரு நாள் பேசிப் பார்ப்பது நல்லது.